ஜாக்கெட் பையில் கிடந்த தோட்டா

வேட்டைப் பயணம் முடிந்து வந்து மூன்று நாள் கழித்து ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தேன். உள்பையில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. கையை விட்டு எடுத்தால் ஒரு .308 ரைஃபிள் தோட்டா, சுடாதது. இந்த ஜாக்கெட்டை மடித்து வைத்த பெட்டி இரண்டு விமானம், மூன்று விமான நிலையம் தாண்டி வந்திருக்கிறது. அரை நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன்.

போகும்போது 20 வீதம் மூன்று டப்பா, மொத்தம் 60 தோட்டா கொண்டுபோனேன். கிளம்பும் நாளில் எண்ணியபோது 42 இருந்தது. சுட்டது 17 என்றுதான் நினைவு, அப்படியானால் 43 இருக்க வேண்டும். சரி, எங்கேயோ ஒன்று கூடுதலாகச் சுட்டிருப்பேன் என்று நானே கணக்கை நேராக்கி, தோட்டாவை அறிவிக்கும் படிவத்தில் 42 என்று எழுதிவிட்டேன். அந்த ஒன்றுதான் இது. காலையில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பையில் போட்டது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

துப்பாக்கியை யாரும் எங்கேயும் மறந்து வைப்பதில்லை. பூட்டிய பெட்டி, வரிசை எண், அனுமதிச் சீட்டு என்று நாள் முழுக்க அது கண்முன்னே நிற்கும். தோட்டா விரல் நீளம்தான். சட்டைப்பை, பையின் அடித்தையல், பைனாகுலர் உறை என்று எங்கே வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளும். 2024-இல் கரீபியன் பக்கம் உள்ள டர்க்ஸ் கைகோஸ் தீவுகளில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். விடுமுறைக்குப் போன அமெரிக்கர்கள் சிலர், பெட்டியில் தோட்டா இருந்ததால் விமான நிலையத்திலேயே கைதானார்கள். வேட்டைக்கு எடுத்துப் போன பையில் மறந்து கிடந்தது என்று சொன்னவரும் அவர்களில் உண்டு. அங்கே அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சமே 12 ஆண்டு சிறை என்று சட்டம். கடைசியில் அபராதமும் நிறுத்திவைத்த தண்டனையுமாக அவர்கள் ஊர் திரும்பினார்கள், அதே ஆண்டு ஜூனில் சட்டத்தையும் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனால் அதற்குள் அவர்கள் வாரக்கணக்கில் அந்தத் தீவிலேயே மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். மெக்சிகோவிலும் இதே கதைதான், அனுமதி இல்லாமல் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் உள்ளே தள்ளிவிடுவார்கள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் சிரித்து அனுப்பிவிட மாட்டார்கள்.

எனவே எனக்கு 200 தோட்டா கொண்டுபோவது பயமில்லை, எண்ணி எழுதி அறிவித்துவிட்டால் அது சரக்கு. பயம் அந்த 201-ஆவது மேல்தான்.

எண்ணி எழுதியதிலும் அடி வாங்கியிருக்கிறேன் என்பது வேறு விஷயம். முதல் பயணத்தில் ஆர்வக்கோளாறில் பத்து டப்பா வாங்கினேன். விமானப் பயணிக்கு ஆளுக்கு 5 கிலோ என்பது சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐஏடிஏவின் விதி, அதுவும் வெடிபொருள்களில் ஆபத்து குறைந்த 1.4எஸ் என்ற வகையில் வரும் சாதாரணத் தோட்டாவுக்கு மட்டும், செக்-இன் லக்கேஜில் மட்டும், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கினால் மட்டும். .308 டப்பா ஒன்று ஏறக்குறைய அரை கிலோ, ஆகப் பத்து டப்பா 5 கிலோ, கணக்குக் கச்சிதம் என்று ஒரு பெரிய இரும்புப் பெட்டியில் அடுக்கிப் பூட்டி, தோளில் தூக்கிக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் எடை மேடையில் வைத்தார். 6.7. "சார், பெட்டியோடு சேர்த்துத்தான் 5 கிலோ."

நான்கு டப்பாவை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்து என்ன செய்வது? என்னை இறக்கிவிட வந்தவருக்கு உரிமம் கிடையாது, அவர் கையில் கொடுத்தால் அன்றைக்கே அவர் மேல் வழக்கு. குப்பைத்தொட்டியில் போட்டால் விமான நிலையத்தையே காலி செய்ய வைத்திருப்பார்கள். கூட வந்த நண்பனிடம் இடம் இருந்தது, ஆனால் இரண்டு பேர் அளவை ஒரே பெட்டியில் சேர்த்துக் கட்டக்கூடாது, அவன் பெட்டியில் தனியாக அவன் பெயரில்தான் போக வேண்டும், அதிலும் அவன் துப்பாக்கி வேறு காலிபர், அதாவது வேறு குண்டு அளவு. தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறோம், அங்கே கொண்டுபோகிற துப்பாக்கிக்கு உரிய தோட்டாதான் அனுமதி, ஒரு துப்பாக்கிக்கு 200 வரை. .375 வைத்திருப்பவன் பெட்டியில் .308 இருந்தால் அவன் என்ன பதில் சொல்வான்? கடைசியில் விமான நிலையக் காவலரிடம் எழுதிக்கொடுத்து ஒப்படைத்துவிட்டு ஓடினேன், கதவை மூடும் நேரம். ஒரு வாரத்தில் நான் சுட்டது, போனதும் குறி சரிபார்த்ததையும் சேர்த்து, 14. மீதியை அப்படியே சுமந்துகொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் 60-க்கு மேல் எடுத்ததே இல்லை. எடுப்பது எல்லாம் தொழிற்சாலை அட்டை டப்பாவிலேயே, ஒவ்வொரு தோட்டாவும் அதனதன் குழியில் உட்கார்ந்தபடி, அதை ஒரு லேசான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துப் பூட்டு. வீட்டிலேயே மருந்து நிரப்பிச் செய்த தோட்டாவைச் சில விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. தனி வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கத் தோட்டாவின் அடியில் பொருத்தும் பிரைமரும் பயணியின் லக்கேஜில் எந்த ரூபத்திலும் ஏறாது, அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். பறவை வேட்டை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். பறவைக்குச் சுடும் 12 போர் ஷாட்கன் தோட்டா 25 உள்ள டப்பா ஒரு கிலோவைத் தாண்டும், 5 கிலோவில் நூறு தோட்டாதான் போகும். அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் புறா சுடப் போகிறவர்கள் ஒரே நாளில் ஆயிரம் சுடுவார்கள், அந்த நூறை வைத்துக்கொண்டு காலை காபி வரைகூடத் தாங்காது. ரைஃபிள் அப்படியில்லை. குண்டின் எடை, கம்பெனி, மருந்து எது மாறினாலும் குண்டு விழும் இடம் மாறும். நூறு மீட்டரில் நாலு விரல் தள்ளி விழுந்தால், இருநூற்றைம்பதில் விலங்கு காயத்தோடு புதருக்குள் போய்விடும், அப்புறம் நாள் முழுக்க ரத்தத்தடம் பார்த்து அலைய வேண்டியதுதான். பழகிய தோட்டாவையே கொண்டுபோவது அதற்காகத்தான். ஆனால் அந்தப் பெட்டி வழியில் தொலைந்தால்? அதற்காகவே .308, .30-06, .375 ஹெச் அண்ட் ஹெச் மாதிரி எங்கேயும் கிடைக்கும் காலிபரோடு போவது நல்லது. அபூர்வ காலிபர் பெருமையெல்லாம் பெட்டி தொலையும்வரைதான்.

இன்னொன்று, இது புதுசு. டென்மார்க்கில் 2024 ஏப்ரல் 1 முதல் வேட்டை ரைஃபிளுக்கு ஈயக் குண்டு கூடாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2023 பிப்ரவரியிலிருந்து ஈர நிலங்களில் ஈயச் சிதறுதோட்டா கூடாது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு எதிலுமே ஈயம் கூடாது. எல்லா அனுமதியும் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியில் தப்பான குண்டோடு போய் இறங்கினால் பரிதாபம். செம்புக் குண்டுக்கு மாறுவதென்றால் கிளம்புவதற்கு முன்பே சுட்டுப் பழகிக் குறியை மாற்றி வைக்க வேண்டும், கடைசி வாரத்தில் ஆகிற வேலை இல்லை.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நாட்டுக்கு நாடு வேறு. தென்னாப்பிரிக்காவுக்கு அந்நாட்டுக் காவல்துறையின் எஸ்ஏபிஎஸ் 520 படிவம், கறுப்பு மையில் நிரப்பி, கையெழுத்தை மட்டும் அங்கே அதிகாரி முன்னால் போட வேண்டும். அமெரிக்காவுக்குள் போகும் வெளிநாட்டவருக்கு, அங்கே துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் ஏடிஎஃப் துறையின் படிவம் 6 என்ஐஏ, அதில் துப்பாக்கியோடு தோட்டாவும் சேரும். ஒன்றே ஒன்று சொல்கிறேன்: வழியில் இறங்கி மாறும் நாட்டையும் பாருங்கள். விமானம் தாமதமாகி ஓர் இரவு தங்க வேண்டி வந்து, பெட்டியை உங்கள் கையில் கொடுத்துவிட்டால், அந்த ஊரில் நீங்கள் அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருக்கும் ஆள்.

மிச்சத் தோட்டாவைத் தடம் பார்த்துக் கொடுத்தவருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதும் வேண்டாம். உரிமம் இல்லாதவர் கையில் அது பரிசு அல்ல, வினை.

ஜாக்கெட் தோட்டாவை டப்பாவில் வைத்துவிட்டேன், இப்போது 43. படிவத்தில் உள்ள 42 அப்படியே இருக்கிறது, அதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. அன்று இரவே நண்பனுக்கு போன் செய்து, உன் ஜாக்கெட்டையும் ஒருமுறை பார் என்றேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்தான். ஜாக்கெட்டில் ஒன்றும் இல்லையாம். பைனாகுலர் உறையில் இரண்டு இருந்ததாம்.