கண்ணாடி நூல்

"தடவிப் பாருங்கள்" என்றார் கடைக்காரர்.

பிராகில் ஒரு பழம்பொருள் கடை. கருஞ்சிவப்புப் பூச்சாடி. உடல் முழுக்கக் கண்ணாடி நூல்கள் நரம்புபோலப் புடைத்து ஓடுகின்றன. சூடாக இருக்கும்போதே சுற்றியவை. ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் இடைவெளி. திருப்பினால் ஊதாவும் பச்சையும் மின்னுகின்றன. சூடான கண்ணாடியில் உலோக உப்பு படிந்து வரும் மினுக்கம் அது.

விலைச்சீட்டில் 'லோட்ஸ்' என்றிருந்தது. பொஹீமியாவின், அதாவது இன்றைய செக் நாட்டுப் பகுதியின், பேர்பெற்ற கண்ணாடி ஆலை அது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நூல்வலை அதே பொஹீமியாவில் டெப்லிட்ஸ் ஊர்ப் பக்கம் இருந்த பால்மே-கோனிக் ஆலையின் கைவேலை.

1900 பாரிஸ் கண்காட்சியில் பெரும்பரிசு வாங்கியது லோட்ஸ். அப்புறம் என்ன, மினுங்கும் பொஹீமியக் கண்ணாடி எல்லாம் அந்தப் பெயரிலேயே விலைபோகிறது.

லோட்ஸ் சாடிகள் பலவற்றில் கையொப்பமே கிடையாது. பின்னாளில் யாரோ பொறித்த போலிக் கையொப்பங்களும் சந்தையில் உண்டு. அதனால் நான் எழுத்தை நம்புவதில்லை. வடிவம், நூலின் தடிமன், வாய் விளிம்பை முடித்த விதம், இவற்றைத்தான் பார்ப்பேன்.

கிராலிக், ரிண்ட்ஸ்கோப் போன்ற மற்ற பொஹீமிய ஆலைகளிலும் அற்புதமான வேலை நடந்திருக்கிறது. அந்த உழைப்பு இன்னொருவர் பெயரில் விற்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இவர்கள் செய்த சாடி உங்களிடம் இருந்தால் படம் போடுங்கள். அடிப்பக்கத்தையும் சேர்த்து.