பக்கத்துக்குப் பதினோரு நாள்

"இந்தப் பக்கத்தை முடிக்க எவ்வளவு நாளானது?" எங்கள் காமிக்ஸ் கண்காட்சிக்கு வளரும் ஓவியர்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது, வந்த எல்லோரிடமும் கேட்ட கேள்விதான். குளச்சல் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணிடம் மட்டும் தனியாக எதையும் கேட்டுவிடவில்லை. மற்றவர்கள் ஒரு நாள், மிஞ்சிப்போனால் ஒன்றரை நாள் என்றார்கள். அவர் கொஞ்சம் யோசித்து, விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "பதினோரு நாள் சார்" என்றார். என் தாளில் அதைக் குறித்துக்கொண்டேன். நான் குறிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தொழிலில் நாள் கணக்கைக் குறைத்துச் சொல்லாதவர்கள் அரிது. நானும் குறைத்துச் சொல்லித்தான் வேலை வாங்கியிருக்கிறேன். மூன்று நாள் ஆனதை ஒரு நாள் என்பது பொய்யாகவே தோன்றாது; அடுத்த பக்கம் அப்படி முடிந்துவிடும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். ஆக, அந்த அறையில் உண்மையான எண்ணைச் சொன்னவர் அவர் ஒருவர்தானோ என்னவோ. அதற்காகக் கூடுதல் மதிப்பெண் போட எங்கள் தாளில் கட்டம் இல்லை.

அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சூப்பர் ஹீரோ வரைந்தால் என்ன வரும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். 133 அடி திருவள்ளுவர் சிலையை ஒரு சுற்றுச் சுற்றாத நாயகனே கிடையாது. இல்லையென்றால் வட்டக்கோட்டை மதில்மேல் மேலங்கி பறக்க நிற்பான். இவருடைய நாயகன் கடலுக்குமேல் இருந்தான். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். ஆறு கட்டங்கள். முதல் கட்டத்தில் மழைக்குள் அவன் சிறியதாகத் தெரிகிறான். அடுத்த மூன்றிலும் கடல் மட்டும்தான். ஒரு அலைபோல் இன்னொரு அலை இல்லை. ஒற்றைக் கையால் விசைப்படகைத் தூக்குகிற பலம் அவனுக்கு இருக்கிறது, ஆனால் படகு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஐந்தாவது கட்டத்தில் விரித்த கை, உள்ளங்கையில் மழைத்தண்ணீர். ஆறாவதில் அவன் காதருகே கையைக் குவித்துக்கொண்டு யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்கிறான். பக்கத்தில் ஒரு வசனம்கூட இல்லை. எங்கள் குழுவில் கடற்கரைக்காரர் ஒருவர் உண்டு. அவர் தாளைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

மீதமிருந்தது ஒரே இடம். போட்டியில் இருந்த மற்றவர் மார்த்தாண்டத்துப் பையன். அவனைக் குறைத்துச் சொன்னால் நான் கதையை எனக்குச் சாதகமாகத் திருப்புகிறேன் என்று அர்த்தம். கெட்டிக்காரன். முதலில் பேசுகிறவனை இடப்பக்கம் நிறுத்த வேண்டும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடித்திருந்தான். தமிழ் வசனம் நீளும், அதை எழுதுகிற பலூன் ஊதிப் பெரிதாகி ஆளின் தலையில் இடிக்கும் என்பதை நினைத்து, கட்டத்தின் மேல்பாதியைக் காலியாக விட்டிருந்தான். தொழிலில் பத்து வருடம் இருப்பவர்களே இதில் கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன். பாதம் வரைய வராததால் எல்லோர் காலடியிலும் புகை கிளப்பியிருந்தான், அவ்வளவுதான் குறை. வசனத்தைக் கையால் மறைத்துவிட்டு ஐந்து பக்கங்களையும் பார்த்தோம்; கதை புரிந்தது. நாளுக்கு ஒரு பக்கம் என்றான். அவன் கோடுகளின் வேகத்தைப் பார்த்தால் நம்பலாம்போல்தான் இருந்தது.

நான் பையனுக்குக் கை தூக்கினேன். காரணத்தையும் சொன்னேன். கண்காட்சியில் ஒருவரை நிறுத்துவது சுவரில் படம் மாட்டுவதோடு முடிவதில்லை. பார்க்க வருகிற பதிப்பாளர் போன் நம்பர் வாங்கிக்கொண்டு போவார். மாத இதழ் என்றால் இருபது பக்கம், இருபத்திரண்டு பக்கம். பக்கத்துக்குப் பதினோரு நாள் என்றால் ஓர் இதழுக்கு ஏழெட்டு மாதம். முதல் வேலையிலேயே தேதி தவறினால் இரண்டாவது முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். "இன்னும் இரண்டு வருடம் போகட்டும், கை வேகம் வந்தபிறகு நிறுத்துவோம், அதுதான் அந்தப் பெண்ணுக்கு நல்லது" என்றேன்.

குழுவில் வயதில் இளையவன், எனக்குத் தம்பி மாதிரி. "அவருக்கு எது நல்லது என்று உங்களிடம் யார் அண்ணா கேட்டார்கள்?" என்றான்.

மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. டீ கிளாஸைக் கழுவி வைத்துக்கொண்டே சொன்னான். பிறகு அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெலின் கதைக்கு வந்தான். 2000-களின் நடுவில் அவர்கள் வளரும் ஓவியர்கள் என்று 'யங் கன்ஸ்' பட்டியலில் சிலரை முன்னிறுத்தினார்கள், ஸ்டீவ் மெக்நிவன் அதில் ஒருவர். 2006-ல் 'சிவில் வார்' தொடரை வரைந்தபோது அவரால் தேதிக்கு முடிக்க முடியவில்லை. வேறு ஆளை வைத்து நிரப்பாமல் இதழ்களையே தள்ளிவைத்து அவருக்காகக் காத்திருந்தார்கள். "மெதுவாக வரைகிறவருக்காக மார்வெலே காத்திருந்தது, நாம் காத்திருக்கக் கூடாதா?"

காத்திருந்தது பெயரெடுத்த ஓவியருக்காக, புதியவருக்காக யாரும் காத்திருப்பதில்லை என்றேன். சரியான பதில்தான், இப்போதும் அதைச் சரியென்றே நினைக்கிறேன். சூப்பர்மேனை வரைந்த ஜோ ஷஸ்டருக்கே 1938-க்குப் பிறகு குவிந்த வேலையைச் சமாளிக்க உதவியாளர்களை வைக்க வேண்டிவந்தது. பற்றாக்குறைக்குக் கண்பார்வை வேறு மங்கிக்கொண்டிருந்தது. தொழில் அப்படி. ஆனால் அவன் கேட்டது தொழிலைப் பற்றி அல்ல என்பது எனக்கு ராத்திரி பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. வளரும் கலைஞர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் நாளை எப்படி இருப்பார் என்று ஊகிக்கத்தான் உட்காருகிறோம். இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைப் பார்க்க வேண்டியிருந்த இடத்தில் நான் நாளைக்குப் போய்விட்டேன் என்கிறானா? நாளையைப் பார்க்காமல் 'வளரும்' என்ற சொல்லுக்கு வேலை என்ன?

எங்கள் தலைமுறை முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்தது. அதை வரைந்தவர் ஜெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் என்பதே எனக்கு நரை கண்ட பிறகுதான் தெரியும். வரைகிறவர்களின் பெயர் வெளியே தெரியட்டும் என்றுதான் இதையெல்லாம் தொடங்கினோம். அந்தக் கணக்கில் பார்த்தால் பதினோரு நாளுக்கும் கண்காட்சிக்கும் சம்பந்தமே இல்லை. சுவருக்கு மாதக் கெடு கிடையாது. மார்வெல் 2020-ல் அறிவித்த 'ஸ்டார்ம்பிரேக்கர்ஸ்' என்ற வளரும் ஓவியர் பட்டியலின் எட்டுப் பேரில் நீர்வண்ணம் தீட்டுகிற பீச் மோமோகோவும் இருந்தார். எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்திருந்தால் அப்படியொரு பட்டியல் வந்திருக்குமா? இதையும் நானேதான் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்துப் பையனே தேர்வானான். பின்னால் அவனுக்கு வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றிலிருந்து வேலை வந்தது, முழு இதழ். தேதிக்கு முந்தைய நாளே முடித்துக் கொடுத்தான், புகைகூடக் குறைந்திருந்தது. என் கணக்கு தப்பவில்லை என்று தம்பியிடம் சொன்னேன். "அவனைப் பற்றிய கணக்கு தப்பவில்லை" என்று மட்டும் சொன்னான். அந்தப் பெண்ணைப் பற்றிய கணக்கைச் சரிபார்க்க வழியில்லை. அவருக்கு வேலை வந்து, அவர் தேதி தவறியிருந்தால்தானே நான் சொன்னது உண்மையாகும்? அப்படி நடந்திருக்க வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். நல்ல நினைப்பு அல்ல.

அடுத்த கண்காட்சிக்கு விண்ணப்பத் தாள் தயாராகிக்கொண்டிருக்கிறது. நாள் கணக்கு கேட்கும் வரியை எடுத்துவிடலாம் என்று தம்பி சொல்கிறான். எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பதிப்பாளர் அதைக் கேட்கத்தானே செய்வார். 'மாதத்துக்கு எத்தனை பக்கம் உங்களால் முடியும்' என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். இது வேறு கேள்வி என்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்கிறான். தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.