காணாமல் போன இரண்டு

2025 ஜூன் 3, செவ்வாய்

சாரின் கோப்பு இன்று சாயங்காலம்தான் வந்தது. கல்லூரி மாணவர்களுக்கான வேதியியல் செய்முறைக் கையேடு, முழுக்கத் தமிழில். முப்பது வருஷம் வகுப்பில் சொல்லிச் சொல்லித் திருத்திய குறிப்புகள். கையெழுத்துப் பிரதியை அவருடைய பழைய மாணவர் ஒருவர் வேர்டில் அடித்துக் கொடுத்திருக்கிறார். அதை லேடெக் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றிப் பக்கமாக்குவது என் வேலை. 140 பக்கம் வரும் போலிருக்கிறது. ஜூலை முதல் வாரம் அச்சுக்குப் போக வேண்டும்.

சென்னையில் ஒன்பது வருஷம் வெளிநாட்டு வேதியியல் ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டினேன். மதுரைக்குத் திரும்பி வந்த பிறகு கதை, கவிதை, கல்யாண மலர் என்று எல்லாம் செய்தாயிற்று. தமிழில் ஒரு வேதியியல் புத்தகம் கைக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஆசையாக இருக்கிறது.

இந்தக் குறிப்புகளைக் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையில் தட்டுகிறேன். அதனால் வாய்பாடுகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதுவேன்: தண்ணீர் என்றால் எச் 2 ஓ. புத்தகத்தில் உலகம் முழுக்க எழுதுகிற ஆங்கிலக் குறியீடுகள்தான் இருக்கும்.

2025 ஜூன் 5, வியாழன்

கோப்பில் கீழொட்டு, மேலொட்டு (எழுத்துக்குச் சற்றுக் கீழேயும் மேலேயும் சின்னதாக நிற்கும் எண்களும் குறிகளும்) ஒன்றுகூட மிச்சமில்லை. மாணவர் வேர்டில் ஒழுங்காகத்தான் இட்டிருக்கிறார். யாரோ அதை அப்படியே நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பியதில் எல்லா எண்ணும் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டது. கந்தக அமிலத்தின் (எச் 2 எஸ் ஓ 4) 2-ம் 4-ம் எழுத்துக்குச் சமமாக நிற்கின்றன.

எழுத்துக்குப் பின்னால் வரும் எண்ணையெல்லாம் கீழே இறக்கிவிடலாமே என்று தோன்றும். செய்யக்கூடாது. பழைய அலுவலகத்தில் அவசரத்துக்கு அப்படி ஒரு மேக்ரோ, அதாவது தானாகத் திருத்தும் சிறு நிரல், ஓடி, சமன்பாட்டின் முன்னால் நிற்கும் கெழுக்களையும் சேர்த்து இறக்கி, ஒரு கட்டுரை முழுவதையும் கையால் மீட்டோம். 2 எச் 2 ஓ என்பதில் முதல் 2 எத்தனை மூலக்கூறு என்று சொல்கிறது, இரண்டாவது 2 ஒரு மூலக்கூறுக்குள் எத்தனை அணு என்று சொல்கிறது. மயில்துத்தத்தின் (நீரேறிய காப்பர் சல்பேட்) வாய்பாட்டில் நடுப்புள்ளிக்குப் பிறகு வரும் 5 வாய்பாட்டின் நடுவில் நின்றாலும் கீழே போகாது. அது ஐந்து தண்ணீர்.

நல்லவேளை, லேடெக்கோடு சேர்த்துப் பயன்படுத்த மார்ட்டின் ஹென்சல் எழுதிய எம்எச்கெம் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. சிஇ என்ற ஒரு கட்டளைக்குள் வாய்பாட்டைத் தட்டையாக அடித்தால் போதும். தொடக்கத்தில் உள்ள எண் கெழு, தனிமத்தை ஒட்டிய எண் கீழொட்டு, புள்ளிக்குப் பின் வருவது மறுபடி கெழு என்று அதுவே பிரித்துக்கொள்ளும். சோடியத்தை ஒட்டி அடித்த பிளஸ் மின்சுமை. இருபுறமும் இடைவெளி விட்டு அடித்த பிளஸ் கூட்டல். நான் இடைவெளியில் மட்டும் கவனமாக இருந்தால் போதும். லேடெக்குக்கு அடித்தளமான, டொனால்ட் குனூத் எழுதிய டெக் கணிதத்தை மனத்தில் வைத்துப் பிறந்தது. கணிதத்தில் எழுத்து சாய்ந்து நிற்கும். வேதியியலில் தனிமக் குறியீடு நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். அதையும் இதுவே பார்த்துக்கொள்கிறது.

ராத்திரி 11 வரை 22 பக்கம்.

2025 ஜூன் 8, ஞாயிறு

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு லெட்டர்பிரஸ்ஸில் 26 வருஷம் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்.

"நாங்க இதுக்கு ஆறு பாயிண்ட் நம்பர் எடுப்போம்மா. பன்னெண்டு பாயிண்ட் எழுத்துப் பக்கத்துல அத வெச்சா பாதி ஒசரம்தான் வரும். கீழ நிக்கணும்னா தலைக்கு மேல ஆறு பாயிண்ட் வெற்றுக்கட்டை. மேல நிக்கணும்னா காலுக்குக் கீழ."

கந்தக அமிலத்துக்கு இரண்டு எண், இரண்டு கட்டை. பாரம் பூட்டும்போது, அதாவது கோத்த பக்கத்தைச் சட்டத்தில் இறுக்கும்போது, ஒன்று தளர்ந்தாலும் எண் நகர்ந்துவிடும். அதையும் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் தலைகீழாக வைத்துத்தான் படிக்க வேண்டும். வேதியியல் வினாத்தாள் வந்தால் வேறு யாரும் தொடமாட்டார்களாம், இவரிடம்தான் வரும். இத்தனை வருஷத்தில் இதை அவர் சொல்லிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

எண்ணைக் கீழே வைப்பதே பிற்பாடு வந்த வழக்கம்தான் என்று சொன்னேன். 1813, 1814-ல் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வகுத்தபோது எண்ணை மேலேதான் வைத்தார், கணிதத்தில் அடுக்கு எழுதுவதுபோல. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மின்சுமைய எங்க வெப்பாரு?" என்று கேட்டார். அயனி என்ற எண்ணமே அந்தக் காலத்தில் வந்திருக்கவில்லை. மேலிடம் அவருக்குக் காலியாகத்தான் இருந்தது.

2025 ஜூன் 12, வியாழன்

உப்புப் பகுப்பாய்வு அதிகாரம். உப்பிலுள்ள அயனிகளை, எதை விட்டால் கரையாமல் வீழ்படிவாகப் படிகின்றன என்பதை வைத்துத் தொகுதி தொகுதியாகப் பிரிப்பார்கள். முதல் தொகுதி அட்டவணையில் வெள்ளி, காரீயம், பாதரசம் மூன்றும் வரும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் மூன்றும் வெள்ளையாக வீழ்படிவு தரும். அட்டவணையில் பாதரசத்துக்கு எதிரே எச்ஜி 2 பிளஸ் என்று இருக்கிறது. அந்த 2-ஐ மேலே ஏற்றி, மின்சுமை இரண்டு என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

நாலு வரி தாண்டித்தான் உறுத்தியது. மின்சுமை இரண்டுள்ள தனிப் பாதரசம் மெர்குரிக் அயனி. அதன் குளோரைடு தண்ணீரில் கரையும், முதல் தொகுதியில் வீழ்படிவாகவே ஆகாது. இரண்டாம் தொகுதியில் சல்பைடாகத்தான் பிடிபடும். முதல் தொகுதியில் நிற்பது மெர்குரஸ். அதில் இரண்டு பாதரச அணுக்கள் கைகோத்து நின்று, இரண்டும் சேர்ந்து மின்சுமை இரண்டைச் சுமக்கும். கீழே ஒரு 2, மேலே ஒரு 2.

சாரின் கையெழுத்துப் படத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு 2-ம் தெளிவாக இருக்கின்றன. நடந்தது இப்போது புரிகிறது. ஒட்டி அனுப்பியபோது அது "எச்ஜி 22 பிளஸ்" என்று தட்டையாகியிருக்கிறது. இருபத்திரண்டு மின்சுமையா, கை தவறி இருமுறை அழுத்தியிருக்கும் என்று யாரோ நல்ல எண்ணத்தில் ஒரு 2-ஐ அழித்திருக்கிறார்கள். அழித்த பிறகு மிஞ்சியதும் உண்மையான ஒரு அயனி. அதனால்தான் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பே தெரியவில்லை. அர்த்தமில்லாத பிழையாக இருந்தால் யாராவது பிடித்திருப்பார்கள்.

கோப்பு முழுவதும் தேடினேன். ஐந்து இடம். கை சில்லிட்டுவிட்டது.

2025 ஜூன் 13, வெள்ளி

காலையிலேயே சாரைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, அஞ்சு இடத்துலயுமா?"

"ஆமா சார். குளோரைடு வாய்பாட்டுலயும் ஒரு இடத்துல பாதரசத்துக்குக் கீழ இருந்த ரெண்டு போயிருக்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "அது பூரத்த வீரமாக்கிடும்மா."

சித்த மருத்துவம் படித்தவர்களுக்கு இந்த இரண்டு பெயரும் தெரியும். பூரம் என்பது மெர்குரஸ் குளோரைடு, எச்ஜி 2 சிஎல் 2. மேல்நாட்டில் கலோமல் என்ற பெயரில் ஒரு காலத்தில் பேதி மருந்தாகக் கொடுத்தார்கள். வீரம் மெர்குரிக் குளோரைடு, எச்ஜி சிஎல் 2, கடும் விஷம். நம்மவர்கள் இரண்டுக்கும் இரண்டு தனிப் பெயர் வைத்தார்கள். ஒன்றை இன்னொன்றாக வாசிக்க முடியாது. வாய்பாட்டில் அந்த வித்தியாசம் ஆறு பாயிண்ட் உயரமுள்ள ஒரே ஒரு எண்ணில் நிற்கிறது.

இரண்டு அணுக்கள் ஒட்டியிருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பல சான்றுகள் உண்டாம். சாருக்குப் பிடித்தது ராமன் நிறமாலை. ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது அதன் நிறம் சற்று மாறும். 1928-ல் சி.வி. ராமன் கண்ட அந்த விளைவைக் கொண்டு, 1934-ல் உட்வர்ட் என்பவர் மெர்குரஸ் நைட்ரேட் கரைசலில் பாதரசத்துக்கும் பாதரசத்துக்கும் இடையிலான பிணைப்பின் அதிர்வைப் பார்த்திருக்கிறார். அந்தக் கீழ் 2 ஒரு கரைசலுக்குள் ஒளியை அனுப்பிப் பார்த்து உறுதிசெய்த 2. அதை நம்மில் யாரோ எழுத்துப்பிழை என்று அழித்தோம்.

மேலொட்டும் கீழொட்டும் ஒன்றின் தலையில் ஒன்றாக நிற்கலாமா, தள்ளி நிற்க வேண்டுமா என்றும் பேசினோம். வேதியியல் பெயர்களுக்கும் குறியீடுகளுக்கும் விதி வகுக்கும் உலக அமைப்பான ஐயுபிஏசி பரிந்துரைப்பது தள்ளி நிற்பதை: முதலில் கீழ் எண், அது முடிந்த பிறகு வலப்பக்கம் மேலே மின்சுமை. அடுக்கி வைத்தால் கச்சிதமாக இருக்கும் என்று முன்பெல்லாம் நினைத்ததுண்டு. இந்த அயனியைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. தள்ளித்தான் வைக்கப்போகிறேன், புத்தகம் முழுக்க.

2025 ஜூன் 19, வியாழன்

அம்புக்குறிகள். சாரின் கையெழுத்தில் இருதிசை அம்பு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியதாயிற்று. எஸ்டர் தயாரிப்பில் அசெட்டிக் அமிலமும் எத்தனாலும் வினைபுரிந்து சமநிலைக்கு வரும். அங்கே அரைத்தலை அம்புகள் இரண்டு, மேலே வலப்பக்கம், கீழே இடப்பக்கம். பென்சீனின் இரண்டு கெக்குலே வடிவங்களுக்கு நடுவே வருவது ஒரே கோட்டின் இரு முனையிலும் தலை உள்ள உடனிசைவு அம்பு. அங்கே எதுவும் அங்குமிங்கும் போய் வரவில்லை. மூலக்கூறு எப்போதும் ஒன்றுதான், அதை ஒரே படத்தில் வரைய முடியாததால் இரண்டு படம். இந்த அம்பை மாற்றிப் போட்டால் பென்சீன் இரண்டு வடிவங்களுக்கிடையே தாவிக்கொண்டிருக்கிறது என்று மாணவர் மனத்தில் பதிந்துவிடும். பதிந்தால் போகாது. எனக்கே பன்னிரண்டாம் வகுப்பில் பதிந்து, பல வருஷம் கழித்துத்தான் போனது.

எம்எச்கெம்மில் இவற்றுக்கு வித்தியாசம் ஒரு விசைதான்: இரு கோணக்குறிகளுக்கு நடுவில் சமக்குறி இட்டால் சமநிலை, சிறுகோடு இட்டால் உடனிசைவு. ஒவ்வொன்றையும் அடித்தபின் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தேன். இரட்டை அம்பை 1884-ல் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் எழுதத் தொடங்கினார் என்று சார் சொன்னார். அதுவரை வேதியியலில் சமக்குறிதான்.

2025 ஜூன் 24, செவ்வாய்

தரம்பார்த்தல் (ஒரு கரைசலின் செறிவை இன்னொரு கரைசலை விட்டு அளப்பது) அதிகாரம் முடிந்தது. இங்கே நான் மெய்ப்புப் பார்க்கும் வழியைச் சொல்ல வேண்டும். பெர்மாங்கனேட் அமிலக் கரைசலில் ஒடுங்கும் சமன்பாட்டில் இடப்பக்கம்: பெர்மாங்கனேட்டில் மைனஸ் 1, எட்டு ஹைட்ரஜன் அயனிக்குப் பிளஸ் 8, ஐந்து எலக்ட்ரானுக்கு மைனஸ் 5. கூட்டினால் பிளஸ் 2. வலப்பக்கம் மாங்கனீஸில் பிளஸ் 2, நாலு தண்ணீரில் ஒன்றுமில்லை. சரி. அணுக்களை எண்ணுவதோடு நிறுத்தாமல் மின்சுமையையும் கூட்டிவிட்டால், தவறிப்போன மேலொட்டு உடனே சிக்கும். இன்று மட்டும் மூன்று சிக்கின. மூன்றும் மைனஸ். சின்னக் கோடு, தூசு மாதிரி இருக்கும். விசைப்பலகையின் சிறுகோட்டை மைனஸாக வைத்தால் மட்டமான தாளில் மை ஏறும்போது மறைந்தே போகும். உண்மையான கழித்தல் குறி அதைவிட நீளம்.

சாரோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. திண்மம், நீர்மம், வாயு என்பதைக் காட்டும் அடைப்புக்குறி எழுத்துகளைத் தமிழில் தி, நீ, வா என்று போடலாம் என்றார். தமிழ் மேல் அவருக்கு இருக்கும் பிடிப்பு எனக்கும் உண்டு. ஆனால் இந்த மாணவர்கள் அடுத்த வருஷமே இன்னொரு புத்தகத்தை, இன்னொரு ஊரின் தாளைப் படிப்பார்கள். விளக்கம் எவ்வளவு தமிழில் இருக்க முடியுமோ அவ்வளவு இருக்கட்டும். வாய்பாடும் அதன் ஒட்டுகளும் உலகம் எழுதுகிறபடி இருக்கட்டும் என்றேன். "யோசிக்கிறேன்" என்றார். ராத்திரி ஒன்பதுக்குக் குறுஞ்செய்தி: "சரிம்மா. முதல் பக்கத்துல ஒரு விளக்கம் மட்டும் போடுவோம்."

2025 ஜூன் 30, திங்கள்

சில்லறை வேலைகள். மயில்துத்தத்தின் வாய்பாடு வரிக் கடைசியில் உடைந்து ஐந்து தண்ணீர் மட்டும் அடுத்த வரிக்குப் போயிருந்தது, பிரியாமல் கட்டினேன். ஒரு பத்தியில் கோபால்ட்டின் இரண்டாம் எழுத்து தானியங்கித் திருத்தத்தில் பெரிய எழுத்தாகி, கார்பன் மோனாக்சைடு ஆகியிருந்தது. கண்ணில் பட்டது அதிர்ஷ்டம். குளோரினின் இரண்டாம் எழுத்து நாலு இடத்தில் எண் 1.

2025 ஜூலை 4, வெள்ளி

அச்சகத்தில் முதல் படிவத்தின் (ஒரே தடவையில் அச்சாகும் பக்கங்களின்) மெய்ப்பு. அப்பாவும் வருகிறேன் என்றார், கூட்டிப்போனேன். ஆஃப்செட் இயந்திரச் சத்தத்தில் பேச முடியவில்லை. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து 31-ஆம் பக்கம் எடுத்தேன். அம்மோனியா விட்டதும் வெள்ளை வீழ்படிவு கறுக்கும் என்ற வரி, அதற்கு மேலே அட்டவணை.

அப்பா சட்டைப் பையிலிருந்து பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அந்த வரிமேல் வைத்துப் பார்த்தார். பாதரசம். கீழே 2. தள்ளி, மேலே 2 பிளஸ். கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு மற்ற நாலு இடம் எந்தெந்தப் பக்கம் என்று கேட்டார். 33, 34, 58. இன்னொன்று 112, அது அடுத்த படிவத்தில், திங்கட்கிழமை ஓட்டுவார்களாம். திங்கட்கிழமையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.