பொராதின்கா: கையில் கிடைத்தால் எப்படிப் பார்ப்பது

சுமார் 16 மி.மீ. அகலம், ஒன்றேகால் கிராம் சொச்சம் எடை. போலந்து மன்னர் யான் கஸிமிர் காலத்து ஷெலாங்க் என்ற செப்புச் சில்லறைக் காசு இது. மூன்று சேர்ந்தால் குரோஷ் என்ற பெரிய காசு ஒன்று. ஸ்வீடன் போரில் கஜானா காலி, படைக்குச் சம்பளப் பாக்கி. அதனால் 1659 முதல் கோடிக்கணக்கில் அடித்தார்கள். செம்பின் விலையோ முகமதிப்பில் சிறு பங்குதான். விலைவாசி ஏறாமல் என்ன செய்யும்? மன்னர் 1668-இல் முடி துறந்து பிரான்ஸுக்குப் போய்விட்டார்.

முன்பக்கம் வாகை சூடிய தலை. கழுத்துக்குக் கீழே டி.எல்.பி. (TLB) என்ற மூன்றெழுத்தைத் தேடுங்கள். அச்சடிப்பை நடத்திய இத்தாலியர் டிட்டோ லிவியோ பொரத்தீனியின் முதலெழுத்துகள். நாணயத்தின் பெயரே அவரால் வந்தது. பின்பக்கம் கழுகு என்றால் போலந்து, குதிரைவீரன் என்றால் லித்துவேனியா. எழுத்துகள் கோணலாக, தப்பும் தவறுமாக இருந்தால் மோல்டேவியா என்ற சிற்றரசின் சுசாவா நகரில் (இன்றைய ருமேனியா) அடித்த அந்தக் காலத்துக் கள்ளக்காசாக இருக்கலாம். அதற்கும் தனியாகச் சேகரிப்பாளர்கள் உண்டு!

செம்புக்குடம் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேல்படலம் போனால் எழுத்தும் போகும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றி, மெல்லிய பிரஷால் மண்ணை மட்டும் எடுங்கள். பிறகு ஈரமில்லாமல் உலர்த்துங்கள். வெளிர்பச்சைத் தூள் பூத்தால் குளோரைடு அரிப்பு, அதாவது உப்புச்சத்து செம்பை அரிக்கிறது. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.