அரசர் முகமில்லாத வெள்ளிக் காசுகள்

பிப்ரவரி 7

பல மாதங்களாகத் தேடிவந்த 1860ஆம் ஆண்டு பிராங்பர்ட் தாலர் என்ற பழைய ஜெர்மானிய வெள்ளிக் காசு இன்று தபாலில் வந்து சேர்ந்தது. தராசில் வைத்ததும் 18.5 கிராம் காட்டியது. 1857ஆம் ஆண்டின் வியன்னா நாணய உடன்படிக்கையின்படி அரைக் கிலோ தூய வெள்ளிக்கு முப்பது தாலர் என்பது கணக்கு; வெள்ளி ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு என்பதால் அந்த எடை சரியாகப் பொருந்துகிறது. மற்ற ஜெர்மானிய நாடுகள் தத்தம் மன்னரின் தலையைப் பொறித்த இடத்தில், மன்னரே இல்லாத இந்தச் சுதந்திர நகரம் தன்னையே ஒரு பெண்ணாக உருவகித்துப் பொறித்தது. யானௌஷெக் என்ற நடிகையின் சாயலில் அவ்வுருவம் அமைந்ததாகப் பேச்சு எழுந்ததால், சேகரிப்பாளர்கள் இதனை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால், காதுக்கு மேலுள்ள கூந்தல் மேடு மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது; கழுத்தோரக் கோடுகள் இன்னும் கூர்மை குன்றவில்லை.

பிப்ரவரி 19

1863ஆம் ஆண்டின் நினைவுத் தாலரையும் பார்த்தேன். ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் கூட்டிய ஜெர்மானிய மன்னர்களின் மாநாடு அவ்வாண்டு ஆகஸ்டில் பிராங்பர்ட்டில் நடந்தது. பிரஷ்ய மன்னர் வில்ஹெல்ம் வர மறுத்தார். மூன்றே ஆண்டுகளில், 1866இல், பிரஷ்யப் படை அந்நகரத்தைக் கைப்பற்ற, அதன் சுதந்திரமும் சொந்த நாணயமும் முடிவுக்கு வந்தன. அந்த வரலாற்றை அறிந்து கையில் எடுக்கும்போது இந்தக் காசின் கனம் கூடிவிடுகிறது.

மார்ச் 4

1871இல் உருவான ஜெர்மானியப் பேரரசுக் காலத்தில் எஞ்சிய சுதந்திர நகரங்கள் ஹாம்பர்க், பிரேமன், லூபெக் ஆகிய மூன்றுதான். அவற்றின் காசுகளில் பேரரசின் கழுகு ஒருபுறமும் நகரச் சின்னம் மறுபுறமும் இருக்கும்: ஹாம்பர்க்குக்குக் கோட்டை, பிரேமனுக்குச் சாவி, லூபெக்குக்கு இரட்டைத்தலைக் கழுகு. பிரேமன் தன் வெள்ளிக் காசுகளில் இரண்டு மார்க்கை 1904இலும் ஐந்து மார்க்கை 1906இலும் மட்டுமே வெளியிட்டது. அவற்றை அடித்த ஹாம்பர்க் அக்கசாலையின் அடையாளம் 'ஜே' என்ற எழுத்து. லூபெக்கின் 1901ஆம் ஆண்டு இரண்டு மார்க் காசு வெறும் 25,000தான் அச்சிடப்பட்டது. ஆகவே அதன் விலை ஏறியிருப்பதில் வியப்பில்லை.

மார்ச் 11

லூபெக் காசு ஒன்று விற்பனைக்கு வந்தது. ஆனால் யாரோ பொடி போட்டுத் தேய்த்து, நூறாண்டுக் கருமைப் படிவை அகற்றியிருக்கிறார்கள். பளபளப்பின் அடியில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. எவ்வளவு அரிதான காசாயினும், மேற்பரப்பைப் பறிகொடுத்ததை நான் வாங்கமாட்டேன். அந்தப் பணத்துக்கு, தேய்மானம் இருந்தாலும் இயல்பான நிறத்தோடுள்ள பிரேமன் இரண்டு மார்க்கை எடுத்துவிட்டேன்.