மேப்பிள் மிட்டாய் கிண்டுன கதை

போன மார்ச்ல நடந்தது. பொண்ணு ஏதோ பர்த்டே பார்ட்டிக்குப் போயிட்டு மேப்பிள் இலை ஷேப்ல ஒரு மிட்டாய் கொண்டாந்தா. கட்டைவிரல் நகம் சைஸ்தான், வாயில போட்டதும் மணல் மாதிரி பொலபொலன்னு கரையுது. கடைல வெல பாத்தா அந்தக் காசுக்கு நம்மூர்ல அல்வாவே கிலோக்கணக்குல வாங்கிரலாம். பாக்கெட்டத் திருப்பிப் பாத்தேன், சேர்மானம்னு போட்ட எடத்துல மேப்பிள் சிரப், அம்புட்டுதான், வேற ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு ஐட்டம்னா வீட்லயே பண்ணிரலாமேன்னு வாய விட்டேன். பொண்டாட்டி ஒண்ணுமே சொல்லல. அவ ஒண்ணும் சொல்லலன்னா நான் அப்பவே சுதாரிச்சிருக்கணும்.

நாங்க இருக்குறது கனடாவுல கால்கரி. அம்மா உடன்குடில இருந்து ஆறு மாசத்துக்கு வந்திருந்தாங்க. சிரப் பாட்டில மோந்து பாத்துட்டு "என்னல, பதனி காய்ச்சுன வாசம் அடிக்கி"ன்னாங்க. கிட்டத்தட்ட அதே தொழில்தாம்மா, மேப்பிள் மரத்துல வடியிற தண்ணிய 40 லிட்டர் காய்ச்சுனா 1 லிட்டர் சிரப் கெடைக்கும்னேன். "இந்தக் குளிர்ல எவன்ல மரம் ஏறுவான்?" ஏற வேண்டாம்மா, ராத்திரி உறையணும் பகல்ல உருகணும், அந்த மாதிரி குளிர் முடியுற நேரத்துல அடிமரத்துல ஓட்டை போட்டா தானா சொட்டும்னு சொன்னதும் அம்மா ஜன்னல் வழியா வாசல்ல நிக்கிற மரத்த ஒரு மாதிரி பாத்தாங்க. அது வேற மரம்மா, இதெல்லாம் முக்காவாசி கிழக்க இருக்குற கியூபெக் மாகாணத்துல இருந்து வருதுன்னு சொல்லி உக்கார வச்சேன். 2011-12ல அங்க குடோன்ல இருந்து கிட்டத்தட்ட 3,000 டன் சிரப்ப ஆட்டையப் போட்டு, கொஞ்சம் பீப்பாய்ல தண்ணிய ஊத்தி வச்சிட்டுப் போன கதையையும் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் நம்ம ஊர் பால்காரர நெனச்சு சிரிச்சாங்க.

சரி, மேட்டருக்கு வரேன். நான் பாத்த செய்முறைப்படி சிரப்ப 113 டிகிரி வரைக்கும் காய்ச்சி, கிண்டாம 80 டிகிரி வரைக்கும் ஆற விட்டு, அப்புறம் கிண்டி, வெளுத்து வரும்போது அச்சுல ஊத்தணும். இதுக்குன்னே மிட்டாய் தெர்மாமீட்டர், இலை ஷேப்ல சிலிக்கான் அச்சு எல்லாம் வாங்கியாச்சு. அடுப்பப் பத்த வச்சு ரெண்டு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்புனேன், சிரப் நுரைச்சு பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு, பொகை வந்து ஸ்மோக் அலாரம் கத்த, பொண்டாட்டி துண்ட வச்சு அலாரத்துக்கு விசிற, அம்மா அசராம துளி வெண்ணெயக் கிள்ளிப் போட்டாங்க. நுரை அப்பிடியே அடங்கிருச்சு. அப்பவே கரண்டிய அவங்க கைல குடுத்திருந்தா இந்தப் பதிவே இல்ல.

அம்மா எட்டிப் பாத்துட்டு "பதம் வந்துட்டு, எறக்குல"ன்னாங்க. தெர்மாமீட்டர் 109, 110ன்னு நிக்குது. "இன்னும் மூணு டிகிரி இருக்கும்மா"ன்னு நான். அச்ச எடுத்துட்டு வர்றதுக்குள்ள 116. ஆற விடணுங்கிறத பதட்டத்துல மறந்துட்டு சுடச்சுட கிண்டுனேன் பாருங்க, பத்து கிண்டு கூட இருக்காது, மொத்தமும் சட்டிக்குள்ளயே இறுகிருச்சு. கரண்டி நட்டு வச்ச கொடிக்கம்பம் மாதிரி நிக்குது, கரண்டியத் தூக்குனா சட்டியும் கூடவே வருது. பொண்ணு அத போட்டோ எடுத்து டீச்சருக்குக் காட்டப் போறேங்குறா.

தெர்மாமீட்டர்தான் டுபாக்கூர்னு நிரூபிக்க வெறும் தண்ணியக் கொதிக்க வச்சு உள்ள விட்டேன். தளதளன்னு கொதிக்குது, காட்டுறது 96 சொச்சம். பாத்தியா பாத்தியான்னு ரிட்டர்ன் பண்ண பில்லத் தேடிட்டு இருக்கேன், பொண்டாட்டி போனப் பாத்துட்டே நிதானமா சொல்றா, கால்கரி கடல் மட்டத்துல இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கு, இங்க தண்ணி அந்த 96 சொச்சத்துலயே கொதிச்சிரும், செய்முறைல உள்ள கணக்குல மூணு நாலு டிகிரி கொறச்சுக்கணும்னு. 113ல மூணு போனா 110. அம்மா எறக்குன்னு சொன்ன அதே 110. அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் காதுல விழல, பொரிகடலை தின்னுட்டு சீரியல் பாத்துட்டு இருந்தாங்க.

மறுநா அம்மா கைல. டம்ளர்ல பச்சத் தண்ணி, அதுல ஒரு சொட்டு விட்டு, வெரலால சேத்து உருட்டுனாங்க. மெத்துன்னு உருண்டு வந்துச்சு, நசுக்குனா நசுங்குது. "அதிரசத்துக்கு இன்னும் எளசா எடுக்கணும், இதுக்கு இது போதும்"னு எறக்கி, சட்டிய அசைக்கக்கூட விடாம ஆற வச்சு, அப்புறம் கிண்டுனாங்க. கண்ணாடி மாதிரி இருந்த பாகு மெதுவா மங்கி, பால் கலந்த காப்பி கலருக்கு வந்துச்சு. இலை அச்சு ஒவ்வொண்ணுலயா ஊத்த நேரமில்ல, நாலு இலை முடியுறதுக்குள்ள இறுக ஆரம்பிச்சிருச்சு. "ஊருன்னா செரட்டைல ஊத்திருப்பேன்"னு சொல்லிட்டு மிச்சத்த நெய் தடவுன இட்லித் தட்டுல ஊத்திட்டாங்க. அத தின்னுட்டு ஸ்கூலுக்குப் போறேன்னு அடம்பிடிச்ச பொண்ண கெஞ்சிக் கூத்தாடி ஒரு இட்லியில கால்வாசியோட அனுப்பி வச்சோம்.

முதல் நாள் சட்டிய நான் தூக்கிப் போடத்தான் இருந்தேன். அம்மா விடல, சுடுதண்ணிய ஊத்தி கரைச்சு, சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுட்டாங்க. மூணு நாளைக்கு எங்க வீட்ல சுக்குக் காப்பிதான், நான் வேண்டாம்னாலும் எனக்கு ரெண்டு டம்ளர்.