கொறங்காட்டுக் கல்லும் அப்புச்சியின் பல்செட்டும்

மார்கழியில் ஆரம்பித்தது, கல்லில் மூஞ்சி தேடும் இந்தப் பழக்கம். காங்கேயம் பக்கம் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில், கிளுவை வேலியோரம், எந்தக் காலத்திலோ உழும்போது பொறுக்கிப் போட்ட கற்குவியல் ஒன்று கிடக்கிறது. காலையில் ஆடு ஓட்டிவிடப் போனபோது அதிலிருந்து ஒரு வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) என்னைப் பார்த்து இளித்தது. பொக்கை வாய், ஒட்டிய கன்னம், பாதி மூடிய கண். ஒன்றும் சொல்லாமல் அம்மிச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், நீட்டினேன்.

"அட, உங்க அப்புச்சி பல்செட்டைக் கழட்டி வெச்ச மாதிரியே இருக்குது கண்ணு" என்றது அம்மிச்சி.

அப்புறம் ஞாயிறுதோறும் கல் பொறுக்கல்தான். பக்கத்தில் படியூர் பெரில் என்கிற ரத்தினக் கல்லுக்குப் பேர்போன ஊர், அதனால் கையில் பையைப் பார்த்தாலே "ஏதாச்சும் சிக்குச்சுங்களா?" என்று கேட்பார்கள். மூஞ்சி தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

40 கல் சேர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் முக்கால்வாசி வெறும் கல்லாகிவிட்டன. ஒரே கல்லைக் காலை 7 மணிக்கும் உச்சி வெயிலிலும் மாலை 5 மணிக்கும் போனில் படமெடுத்துப் பார்த்ததில்தான் விஷயம் பிடிபட்டது. சாய்ந்த வெயிலில் குழிக்குள் நிழல் விழுந்தால் அது கண். உச்சி வெயிலில் நிழலும் இல்லை, கண்ணும் இல்லை. 1976இல் வைகிங் 1 விண்கலம் செவ்வாயில் படமெடுத்த 'முகம்' கூட இதே கதைதான். சூரியன் தாழ்வாக இருந்த நேரத்துப் படம் அது. 2001இல் தெளிவாக எடுத்துப் பார்த்தால் வெறும் குன்று.

இப்போது ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்துக் கல்லை மெல்லச் சுற்றிப் பார்க்கிறேன். வெங்கச்சங்கல் சங்கு போல வளைந்து உடையும், அதனால் கன்னமும் உதடும் அதில்தான் அமைகின்றன. ஃபெல்ட்ஸ்பார் என்கிற இன்னொரு வகைக் கல் பட்டை பட்டையாகப் பிளக்கும். கூர்மூக்கு, சதுரத் தாடை எல்லாம் அதன் பங்கு. மிரட்டும் முகம் வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் கீழிருந்து காட்ட வேண்டும்.

ஒரு நல்ல ஆந்தை மூஞ்சியை நானே கெடுத்தேன். அழுக்குப் போகட்டுமென்று எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டேன். அதன் இரண்டு கண்களும் இரும்புக் கறை என்பது கறை வெளுத்த பிறகுதான் தெரிந்தது. தேங்காய் நார் போட்டுத் தண்ணீரில் தேய்ப்பதோடு இப்போது சரி.

தேறியது 11. கிழக்கு ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறேன். பங்குனியில் பார்த்தால் அப்புச்சியைக் காணோம்! மார்கழியில் தென்கிழக்கிலிருந்து வந்த வெயில் இப்போது நேர்கிழக்கிலிருந்து விழுகிறது. கல்லை வடக்காகக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். அப்புச்சி வந்துவிட்டார். ஆனால் வாயைப் பார்த்த அம்மிச்சி, "இப்போ பல்செட்டைப் போட்டுட்டாரு" என்கிறது.